எழுந்து ஓடினவர் கடை

உட்காரம்மா. மாலை ஒரு நிமிஷத்தில் ஆகிற காரியமா? பாடைக்கு என்றால் இரண்டு வேண்டும். நெஞ்சில் போட ஒன்று, பாடையைச் சுற்றித் தொங்கவிட ஒன்று. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள். சம்பங்கிக் கூடையைக் காலால் தள்ளிவிடாதே. நாளைத் திருவிழாவுக்கு என்னிடம் இருப்பதே அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரரை ஏன் வெயிலில் நிற்க வைத்திருக்கிறாய்? எதிரே பூவரச மரத்தடியில் பெஞ்சு கிடக்கிறது. அங்கே போய் உட்காரச் சொல். ஒருத்தர் செவ்வந்திக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார் பார், அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். கலியமூர்த்தி என்று பெயர். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கே வராது.

யார் சொல்லி இந்தக் கடைக்கு வந்தாய்? பஸ் ஸ்டாண்டில் கேட்டாயா? என்ன சொன்னான்? வாயைத் திறந்து சொல்லேன், நான் உன்னை அடிக்கவா போகிறேன். 'எழுந்து ஓடினவர் கடை' என்றுதானே சொன்னான்? தெரியும். தையல்நாயகி பூக்கடை என்று இத்தனை பெரிய போர்டு தொங்குகிறது. என் கல்யாணம் ஆன வருஷம் மாட்டினது. அது எவன் கண்ணுக்கும் தெரியவில்லை. எழுந்து ஓடினவர் கடை. ஓடினது அவர், மானம் போனது எனக்கு.

உன் பெயர் என்ன? பூங்கொடியா. நல்ல பெயர். எந்த ஊர்? திருத்துறைப்பூண்டியா? அவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் அம்மனைத் தேடி வந்திருக்கிறாய். உன் வீட்டுக்காரருக்கு என்ன வந்தது? டெங்குவா? ஐ.சி.யூ.வில் வைத்தார்களா? மூச்சு மெஷினுமா? அப்படியென்றால் நீயும் என்னைப் போலத்தான். அந்தக் கதவுக்கு வெளியே நீயும் உட்கார்ந்திருக்கிறாய்.

அவருக்கு விவரமெல்லாம் சொல்லித்தானே கூட்டி வந்திருக்கிறாய்? கோயிலில் ஒரு பிரார்த்தனை என்று மட்டும் சொன்னாயா? சரி, அதுவும் போதும். எங்கள் வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்தவர். சின்ன வயதிலிருந்து ஊரார் பாடையையெல்லாம் தோள் கொடுத்துத் தூக்கினவர். பிழைக்க மாட்டான் என்று டாக்டர் கைவிட்ட ஆளை அம்மன் பிழைக்க வைத்தால், பங்குனியில் அவனைப் பாடையில் படுக்க வைத்துக் கோயிலுக்குத் தூக்கி வர வேண்டும். செத்தவனுக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்ய வேண்டும். பச்சை மூங்கில், தென்னை ஓலை, நெற்றியில் காசு, வாய்க்கட்டு. இரண்டு கைக் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு கட்டு, கால் கட்டைவிரலுக்கு ஒரு கட்டு. முன்னால் பறை, சங்கு, தீச்சட்டி. சன்னதியில் பூசாரி தீர்த்தம் தெளித்து, "எந்திரி" என்பார். எழுந்தால் அது புதுப் பிறப்பு. அவ்வளவுதான். அரை மணி நேரம். ஒரு மனுஷன் அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருக்க முடியாதா?

ஆஸ்பத்திரியில் இருபது நாள் படுத்தாரே.

அந்த மரிக்கொழுந்தை இப்படிக் கொடு. அது இல்லை, அது துளசி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் சுக்குக் கஷாயம் குடித்தார், கடைக்கும் வந்தார். அப்புறம் மூச்சு வாங்கியது. வைரஸாம், நுரையீரலுக்கு இறங்கிவிட்டதாம். தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். உள்ளே போகும்போது என்னைப் பார்த்து, "கடைய பூட்டினியா?" என்று கேட்டார். அவர் என்னிடம் ஒழுங்காகப் பேசின கடைசிப் பேச்சு அதுதான். அதற்கப்புறம் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை விடுவார்கள். பச்சை அங்கி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி. ஐந்து நிமிஷம். உள்ளே அந்த மெஷினெல்லாம் பீப், பீப் என்று கத்திக்கொண்டே இருக்கும். நான் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் ஒரே மாதிரிதானே இருப்போம். மிச்ச நேரமெல்லாம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவு திறந்தால் யாருடைய பெயரைச் சொல்லப் போகிறார்களோ என்று இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு இட்லி கொடுத்த அம்மாளின் மகன் பெயரை ஒருநாள் சொன்னார்கள். சரி, அது எதற்கு இப்போது.

ஒரு சாயங்காலம் கதவு பாதி திறந்தது. நர்ஸ் பெண் தலையை நீட்டி, "அம்மா, உங்க சார் டியூப பிடுங்கப் பாக்குறாரு. கையக் கட்டிடட்டுமா?" என்றாள்.

"கட்டுங்க" என்றேன். "நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றேன்.

பின்னே என்ன சொல்வது? குழாயைப் பிடுங்கினால் போச்சே. கை முக்கியமா, உயிர் முக்கியமா? ஏன் அப்படிப் பார்க்கிறாய்? உன்னையும் கேட்டார்களா? கேட்டிருப்பார்கள். நீயும் கட்டத்தானே சொன்னாய்? அப்புறமென்ன. நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன். வராந்தா ஜன்னலில் இந்த ஊர் இருக்கிற திசை பார்த்து நின்று, 'அம்மா, இவரைத் திருப்பிக் கொடு, பாடை கட்டித் தூக்கி வருகிறேன்' என்றேன். அவள் திருப்பிக் கொடுத்தாள். அவள் சொன்ன சொல் தவறவில்லை. தவறினது நாங்கள்தான்.

வீட்டுக்குக் கிளம்புகிற நாளில் அந்த நர்ஸ் பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அம்மா, சாருக்குக் கொஞ்ச நாளைக்கு பயம் வரலாம், கோபம் வரலாம், தூக்கம் வராம போகலாம். உள்ள நடந்தது திரும்பத் திரும்ப ஞாபகம் வரும். அதுவும் நோயோட ஒரு பகுதிதான். அப்படி இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றாள். எனக்கு எப்படி வந்தது தெரியுமா ஆத்திரம்? சாவு வாசலிலிருந்து ஒருத்தரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், இவள் என்னடாவென்றால் அவருக்குப் பைத்தியம் பிடிக்கும் என்கிறாள். "எங்க வீட்டுல அந்த மாதிரி யாரும் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் தெருவே திரண்டு வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலை அடுக்க இடமில்லை. மறுபிறவி, மறுபிறவி என்று எல்லாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் கையை உருவிக்கொண்டார். யார் பிடித்தாலும் உருவிக்கொண்டார். எனக்கு எப்படி இருக்கும், சொல். பார்க்க வந்தவர்களிடம் ஒரு மரியாதை வேண்டாமா?

அப்புறம் ஆரம்பித்தது. கதவைத் தாழ் போடக்கூடாது. கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு, திறந்து போட்டால் நாய் வரும், பூனை வரும். கேட்க மாட்டார். கதவுக்குக் குறுக்கே பாயை விரித்து உட்கார்ந்துகொள்வார். படுக்க மாட்டார், உட்கார்ந்துகொள்வார். வாட்ச் கட்ட மாட்டார். அரைஞாண் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டார்.

அதோ அந்த ஃபிரிட்ஜைப் பார். பூ வைக்க லோன் போட்டு வாங்கினது. கதவைச் சரியாக மூடாவிட்டால் பீப், பீப் என்று கத்தும். ஒருநாள் கத்தியது. இவர் வந்தார், பிளக்கைப் பிடுங்கினார், போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் முகூர்த்தம். அத்தனை ரோஜாவும் கறுத்துப் போய்க் கிடக்கிறது. "ஏங்க, கரண்டு பில்லுக்கு பயந்தா பிடுங்கினீங்க?" என்று கேட்டேன். "அது நிக்கவே மாட்டேங்குது நாயகி" என்றார். நிற்காமல் என்ன? கதவை ஒரு தள்ளுத் தள்ளினால் நிற்கும். அது ஒரு பேச்சா?

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. கேட்டால் சிரிப்பாய். சிரித்துக்கொள், பரவாயில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து வந்து பார்க்கிறேன். முதல்நாள் உட்கார்ந்து விரல் நோகக் கட்டி வைத்த மல்லிகைப் பந்து அத்தனையும் அவிழ்ந்து உதிரியாகக் கிடக்கிறது. ஒவ்வொரு முடிச்சாக உட்கார்ந்து அவிழ்த்திருக்கிறார். நாரைத் தனியாகச் சுருட்டி வைத்திருக்கிறார், அதில் மட்டும் ஒரு ஒழுங்கு. பூக்கடைக்காரன் கட்டின பூவை அவிழ்க்கிறான், இதை எங்கே போய்ச் சொல்ல? நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஹமீதா வந்துவிட்டாள். அவள் வந்தது எனக்குச் சமாதானம் சொல்ல இல்லை. அவளுடைய ஆட்டையும் யாரோ அவிழ்த்து விட்டிருக்கிறார்களாம். "அண்ணன்தான் அவுத்தாரு அக்கா, நான் பாத்தேன்" என்கிறாள். அந்த ஆடு அப்போது எங்கே நிற்கிறது? என் கடைக்குள் நின்று உதிரி மல்லிகையைத் தின்கிறது.

சிரிக்கிறாயா? எனக்கும் இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அன்றையிலிருந்து அவர் கையில் நாரைக் கொடுப்பதில்லை. காம்பு கிள்ளுவார், இதழ் உதிர்ப்பார், தண்ணீர் தெளிப்பார். கட்டுவது முழுக்க நான். கும்பகோணம் வரைக்கும் பெயர் வாங்கின கை அந்தக் கை. யானைக்கு மாலை கட்டின கை. இப்போது செவ்வந்திக்குக் காம்பு கிள்ளுகிறது.

இவ்வளவையும் பொறுத்தேன். பங்குனி வரட்டும், பாடை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொறுத்தேன். வேண்டுதல் பாக்கி நிற்கிறது, அதனால்தான் மனுஷன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம். ஊரில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

போன வருஷம் இதே திருவிழா. அவருடைய அண்ணன் நடேசன், எனக்கு மூத்தார், முன்னால் நின்று எல்லாம் செய்தார். இவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குளிக்கச் சொன்னதும் குளித்தார். மஞ்சள் வேட்டி கட்டிவிட்டோம், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். படுக்கச் சொன்னதும் படுத்தார். கட்டைவிரலைக் கட்டும்போது மட்டும் என்னைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அப்போது விபூதித் தட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பாடை புறப்பட்டது. மூத்தார் தீச்சட்டியோடு முன்னால் போகிறார். நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பின்னால் போகிறேன், அதுதான் வழக்கம். கடைத்தெரு முனை திரும்பியது. எங்களுக்கு வழிவிட ஒரு பஸ் பின்னால் நகர்ந்தது. பின்னால் போகும்போது இந்தக் காலத்து பஸ்ஸெல்லாம் பீப், பீப் என்று கத்துமே, அப்படிக் கத்தியது. இவர் பாடையில் எழுந்து உட்கார்ந்தார்.

வாய்க்கட்டோடு ம்ம், ம்ம் என்கிறார். கட்டைவிரல் முடிச்சைப் பல்லால் கடிக்கப் பார்க்கிறார், வாய்தான் கட்டியிருக்கிறதே. தூக்கினவர்கள் பயந்து ஒரு பக்கம் சாய்த்தார்கள். கீழே விழுந்தார், எழுந்தார், கால் கட்டை உதறினார். ஓடினார் பார். நெற்றியில் காசு, உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர், கழுத்தில் நான் கட்டின மாலை. பஸ்ஸில் ஒரு அம்மாள் மயக்கம் போட்டுவிட்டாள். விவரம் தெரியாத வெளியூர்க்காரி, செத்த பிணம் ஓடினால் என்ன செய்வாள்? இவர் நேரே சிவப்பிரகாசம் மெடிக்கலுக்குள் புகுந்து, கவுண்டர் மேல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். சிவப்பிரகாசம் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டார். இப்படித் தினம் நாலு பேர் வந்து கையை நீட்டுகிற மாதிரி வெட்டிவிட்டார்.

மூத்தார் தீச்சட்டியோடு அங்கேயே நின்று, "ஏன்டா, உயிரோட இருந்தும் ஒழுங்கா இருக்க மாட்டேங்குற, செத்தும் ஒழுங்கா இருக்க மாட்டேங்குற" என்றார். தெருவே சிரித்தது. பறைக்காரர்கூடச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏங்க இப்படி பண்ணீங்க? கட்டு இறுக்கமா இருந்தா சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "எவ்வளவோ சொன்னேன் நாயகி. கைய அவுத்து விடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தருக்கும் கேக்கல" என்றார். பச்சைப் பொய். பாடை வீட்டு வாசலிலிருந்து கடைத்தெரு வர எவ்வளவு நேரம்? அதற்குள் எல்லாரிடமும் எப்போது சொன்னார்? வாயைத்தான் கட்டியிருந்ததே.

இந்தச் சிவப்பிரகாசம் இருக்கிறாரே, அவர் சும்மா இருந்தாரா? மறுநாள் கடைக்கே வந்துவிட்டார். "நாயகியம்மா, தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மனநல டாக்டர் ஒருத்தர் வர்றாரு. கலியமூர்த்திய கூட்டிட்டுப் போங்க. ஐ.சி.யூ.ல கிடந்துட்டு வந்தவங்க நெறைய பேருக்கு இப்படி ஆகுது. மருந்து இருக்கு, பேசியும் சரி பண்றாங்க. பாடையில கட்டிப் படுக்க வச்சு சரி பண்ண முடியாது" என்றார். எனக்கு வந்ததே கோபம். "மாத்திரை விக்கிறது பத்தாதுன்னு டாக்டராவும் ஆயிட்டீங்களா? செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு மாலை யாரு கட்டுறது, நீங்க வந்து கட்டுறீங்களா?" என்று கேட்டேன். எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் வியாபாரம். அதில் ஒன்றைப் பூட்டிவிட்டு இவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார வைக்க வேண்டுமா? அப்புறம் கடைக்கு அதையும் சேர்த்துப் பெயர் வைப்பார்கள்.

என்னை யாராவது கேட்டார்களா? கேட்டார்களா, சொல். நானும்தான் தூங்கவில்லை. அவர் மூச்சு விடுகிறாரா என்று எழுந்து எழுந்து மூக்கில் விரலை வைத்துப் பார்க்கிறேன். அதற்கும் அவர் திடுக்கிட்டுக் கையைத் தட்டிவிடுகிறார். போன் அடித்தால் எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கதவு திறக்கிற மாதிரி இருக்கிறது. அதனால் சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆர்டர் சொல்கிறவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும். இட்லி வாசனை பட்டால் எனக்குக் குமட்டுகிறது, அதனால் வீட்டில் இட்லி கிடையாது. நான் யாரிடமாவது போய் அழுதேனா? கடையைப் பார்க்கவில்லையா? எனக்கு ஒன்றும் இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பூசாரி வேறு ஒரு யோசனை சொன்னார். "வேண்டிக்கிட்டவங்களே படுத்தாலும் ஆத்தா ஏத்துக்குவாம்மா" என்றார். அதெப்படி? காய்ச்சல் வந்தது அவருக்கு, படுப்பது நானா? விட்ட இடத்திலிருந்து அவரே முடிக்கட்டும். அதுதான் நியாயம். சுவரோரம் பார், மூத்தார் காலையிலேயே மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து சாத்திவிட்டார். இந்தத் தடவை கயிறு கிடையாது, புது நூல்புடவையைக் கிழித்துக் கட்டுவோம், அவிழாது என்றார். இவர் அந்த மூங்கிலைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பார்த்தாயா? காலையில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் போகட்டும். நாளைக்கு எப்படியும் படுக்கத்தான் வேண்டும்.

ஒரு மாலை ஆகிவிட்டது. தூக்கிப் பார், கனம் சரியா? இன்னொன்றும் ஆகிவிடும்.

அங்கே பாரேன். அட, பாரம்மா அங்கே. என்ன நடக்கிறது? எங்கள் வீட்டுக்காரர் பேசுகிறார். உன் வீட்டுக்காரர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், இவர் பேசுகிறார். எனக்குத் தெரிந்து இத்தனை வார்த்தை ஒன்றாக அவர் வாயிலிருந்து வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன்பின் தெரியாத மனுஷனிடம் என்ன கதை? கட்டின பெண்டாட்டியிடம் பேச வாய் வரவில்லை, யாரோ திருத்துறைப்பூண்டிக்காரரிடம் பொங்கிக்கொண்டு வருகிறது. நான் என்ன பேய் மாதிரியா இருக்கிறேன்?

உன் வீட்டுக்காரர் எதற்குச் சட்டைக் கையை மடித்துக் காட்டுகிறார்? இவரும் காட்டுகிறார். மணிக்கட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

எழுந்துவிட்டார்கள். இங்கேதான் வருகிறார்கள்.

வாங்க சார். இன்னும் ஒரு மாலை பாக்கி. என்ன கேட்கிறீர்கள்? கையைக் கட்டுவோமா என்றா? ஆமாம் சார், கட்டுவோம். அதுதான் முறை. உங்கள் வீட்டம்மா சொல்லவில்லையா? படுக்க மாட்டேன் என்றால் எப்படி? இவ்வளவு தூரம் வந்துவிட்டு? ஏங்க, என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் இவருக்கு? நமக்குத்தான் கெட்ட பெயர் வந்தது, வருகிறவர்கள் வேண்டுதலையும் கெடுக்க வேண்டுமா? நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து...

என்ன?

ஏங்க, திருப்பிச் சொல்லுங்கள். காதில் சரியாக விழவில்லை.

இந்த சாருக்கும் ஆஸ்பத்திரியில் கட்டினார்களாமா? இவரும் அவிழ்க்கச் சொல்லிக் கத்தினாராமா? குழாய் இருந்ததால் சத்தம் வரவில்லையாமா?

சரி.

அங்கே யாரோ ஒரு பொம்பளைக் குரல் நல்லா கட்டுங்க என்று சொன்னதாம். உங்களுக்கும் கேட்டதாம், இந்த சாருக்கும் கேட்டதாம். யாரென்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லையாம். அதையா இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள்?

நீ எதற்குத் தலையைக் குனிகிறாய் பூங்கொடி? நிமிர்ந்து உட்கார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சை, நார் அறுந்துவிட்டது. ஈரம் போதவில்லை. நார்தான் சரியில்லை. அந்தத் தண்ணீர்க் குவளையை நகர்த்துங்கள். இல்லைங்க, நாரை எடுக்காதீர்கள், நீங்கள் கட்ட வேண்டாம், விடுங்கள். நானே கட்டிக்கொள்கிறேன்.

ஏங்க. உங்களைத்தான். உங்கள் அண்ணனுக்குப் போன் போடுங்கள். நாளைக்குப் பாடையில் படுப்பது நான் என்று சொல்லுங்கள். ஏன் முழிக்கிறீர்கள்? வேண்டிக்கொண்டது நான்தானே? நீங்களா வேண்டிக்கொண்டீர்கள்? பூசாரி அப்போதே சொன்னார், யார் காதில் போட்டுக்கொண்டது? நீங்கள் கடையில் இருங்கள். கோயிலுக்கு வந்தாலும் வாருங்கள், வராவிட்டாலும் போங்கள். மூங்கிலைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் திருப்பிச் சாத்துங்கள்.

எனக்கும் கட்ட வேண்டாம் என்கிறீர்களா? யார் சொன்னது? அதெல்லாம் கட்ட வேண்டும். கையை நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள் உங்கள் அண்ணனை. அந்த நூல்புடவையையே கிழிக்கச் சொல்லுங்கள். நான் ஒன்றும் எழுந்து ஓட மாட்டேன்.

இந்தா பூங்கொடி, பிடி. அவர் படுக்கிறாரோ இல்லையோ, பூவை வீணாக்காதே. அம்மன் கழுத்தில் போடச் சொல். மறுபடி மாலை வேண்டுமென்றால் என்றைக்கு வேண்டுமானாலும் வா. வரும் செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துவிடாதே. கடை பூட்டியிருக்கும்.